வைரஸ் தொல்லைக்குப் பிறகு வீட்டுக்குப் புதுக் கணினி: எதை வாங்குவது, எப்படி மாறுவது

கணினி திறப்பதற்கே ஐந்து நிமிடம். பிரவுசரைத் திறந்தால் நீங்கள் வைக்காத ஏதோ ஒரு தேடுபக்கம். மூலையில் ஓயாமல் முளைக்கும் விளம்பரங்கள். ஃபார்மட் செய்து பார்த்தீர்கள், சில வாரங்களில் அதே தொல்லை திரும்ப வந்துவிட்டது. "போதும், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடலாம்" என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள்.

வாங்குங்கள். ஆனால் வைரஸ் வந்த வழி திறந்தே கிடந்தால், புதுக் கணினிக்கும் அதே வழியாக வரும். அதனால் வேகம், திரை, எடை எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த வருடம் வரை வரும்? இதில் ஒரு மென்பொருளை ஏற்ற யாருக்கு உரிமை, எங்கிருந்து ஏற்றலாம்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

படி 1: வந்தது வைரஸ்தானா, எப்படி வந்தது?

திரையின் ஓரத்தில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் பெட்டி பெரும்பாலும் வைரஸே இல்லை. எப்போதோ ஓர் இணையதளம் "அறிவிப்புகளை அனுமதிக்கவா?" என்று கேட்டபோது, யாரோ அவசரத்தில் "அனுமதி" என்று அழுத்தியிருப்பார்கள். பிரவுசர் அமைப்புகளில் 'அறிவிப்புகள்' பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் தீர்ந்தது.

முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு, அலறல் சத்தத்தோடு, "உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் பக்கமும் வெறும் இணையப் பக்கம்தான். மைக்ரோசாஃப்டோ ஆப்பிளோ தங்கள் எச்சரிக்கைச் செய்தியில் தொலைபேசி எண் போடுவதில்லை. எண் இருந்தால் மோசடி. அழைக்கவே வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதிலிருந்து பிரவுசரை மூடிவிடலாம்.

வெறும் மந்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால், உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி போட்டால் பல கணினிகள் ஆளே மாறிப்போகின்றன.

இவை எதுவும் இல்லாமல் உண்மையிலேயே தொற்று என்றால், வீட்டுக் கணினிக்குள் அது நுழையும் வாசல்கள் சில மட்டுமே. முதலாவது, கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்து இலவசமாகப் பரப்பும் மென்பொருளும் விளையாட்டும். இன்றைக்கு பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் அதிகம் பயணம் செய்வது இவற்றோடுதான். கிராக்கை ஓட்டும் முன் "ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்று ஒரு குறிப்பு இருக்குமே, அது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது, மின்னஞ்சலோடு இணைத்து வரும் கோப்புகள். மூன்றாவது, பல கணினிகளில் செருகப்பட்டு வரும் பென்டிரைவ். நான்காவது, பலர் நினைத்துப் பார்க்காதது: அப்டேட் நின்றுபோன அல்லது நிறுத்தி வைத்த இயங்குதளம்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீய நிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதை ஏற்றியிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

உங்கள் வீட்டில் எந்த வாசல் திறந்திருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து எதை வாங்குவது என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

படி 2: புதுசு வாங்கத்தான் வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' மூலம் பாருங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2018-க்குப் பிந்தைய செயலியும் (பிராசஸர்) தேவை. ஏற்குமென்றால், வைரஸ் இல்லாத வேறொரு கணினியில் விண்டோஸ் 11-க்கான யுஎஸ்பியைத் தயார் செய்து, டிஸ்க்கை முழுவதும் அழித்துப் புதிதாக ஏற்றினால் போதும். பாதிக்கப்பட்ட கணினியிலேயே அந்த யுஎஸ்பியைத் தயாரிக்க வேண்டாம்.

"ஃபார்மட் செய்தும் திரும்ப வந்தது" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபார்மட்டைத் தாண்டி, மதர்போர்டுக்குள்ளேயே ஒளிந்து வாழும் வைரஸ் வீட்டுப் பயனர்களுக்கு வருவது மிக அபூர்வம். திரும்ப வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதே பென்டிரைவ், அதே கிராக் கோப்பு, பிரவுசரில் சேர்த்த அதே துணை நிரல் (எக்ஸ்டென்ஷன்). இதைப் படி 6-இல் விரிவாகப் பார்ப்போம்.

கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது, அல்லது பத்து வருடப் பழசு என்றால், தயங்காமல் புதியதற்குப் போகலாம்.

படி 3: எந்த வகைக் கணினி?

பிராண்டுக்கு முன்னால் இயங்குதளத்தை முடிவு செய்யுங்கள். நான்கு பாதைகள் இருக்கின்றன.

குரோம்புக், அதாவது கூகுளின் இயங்குதளத்தோடு வரும் லேப்டாப். மின்னஞ்சல், வீடியோ, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பாடம், கடிதம் தட்டச்சு. வீட்டில் இவ்வளவுதான் வேலை என்றால், வைரஸால் நொந்த குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விண்டோஸுக்கான எக்ஸி கோப்பு இதில் ஓடவே ஓடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன் இயங்குதளம் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று தானே சரிபார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு தாவலும் தனித்தனிக் கூண்டுக்குள் ஓடுகிறது. அப்டேட் பின்னணியில் தானாக ஏறுகிறது. ஏதாவது கோளாறு என்றால் 'பவர்வாஷ்' கொடுத்துச் சில நிமிடங்களில் புதிதாக்கிவிடலாம்.

ஒரு கண்ணி உண்டு. 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்கு கூகுள் 10 வருட அப்டேட் தருகிறது. ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த மாடலின் அடித்தளம் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலுக்கு மிச்சம் சில வருடங்களே இருக்கலாம். அப்டேட் முடியும் தேதியை மாடல் வாரியாக கூகுளே வெளியிட்டிருக்கிறது. பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளோ பெரிய விளையாட்டுகளோ தேவைப்படுபவர்களுக்கு இது சரிவராது.

மேக். "மேக்குக்கு வைரஸ் வராது" என்பது உண்மையில்லை. 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற நிரல் ஜாவாவில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 6 லட்சம் மேக்குகளைப் பிடித்தது. இன்றும் பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் மேக்குக்கென்றே எழுதப்படுகின்றன, அவையும் கிராக் மென்பொருளோடு வருகின்றன. ஆனாலும் அடிப்படைக் காவல் நன்றாக இருக்கிறது. அடையாளம் தெரியாதவர் எழுதிய மென்பொருளை 'கேட்கீப்பர்' தடுக்கிறது. தெரிந்த தீய நிரல்களை 'எக்ஸ்புரொடெக்ட்' பிடிக்கிறது. அந்தத் தடையை மீறிப் போகச் சொல்லும் எந்த வழிமுறையையும் பின்பற்றாமல் இருந்தாலே பெரும்பாலான ஆபத்து விலகிவிடும்.

எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று ஆப்பிள் முன்கூட்டியே தேதி சொல்வதில்லை. வழக்கமாக, கடைசி மூன்று மேக்ஓஎஸ் பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. பழைய மேக் வாங்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: இன்டெல் செயலி உள்ள மேக்குகளுக்கு 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-தான் கடைசிப் பதிப்பு. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எம்1 அல்லது அதற்குப் பிந்தைய சில்லு உள்ளதை மட்டும் பாருங்கள்.

விண்டோஸ் 11. அலுவலக மென்பொருள், விளையாட்டு, பழைய ஸ்கேனர் என்று கட்டுப்பாடுகள் இருப்பவர்களுக்கு இதுதான் வழி. அதில் தவறும் இல்லை. பழைய விண்டோஸை நினைத்து இதை எடைபோட வேண்டாம். உள்ளேயே வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் வீட்டுக்குப் போதும், தனியாகப் பணம் கட்டி வாங்கத் தேவையில்லை. இணையத்திலிருந்து வரும் ஆஃபீஸ் கோப்புகளுக்குள் இருக்கும் சிறு நிரல்களான மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது. ஆனால் விண்டோஸில்தான் எங்கிருந்தும் எதையும் இறக்கி ஓட்டும் சுதந்திரம் அதிகம். அந்தச் சுதந்திரத்தை வாங்கிய முதல் நாளே நீங்கள்தான் குறைத்து வைக்க வேண்டும். எப்படி என்று படி 5-இல் வருகிறது.

கைப்பேசிகளில் இருப்பது போன்ற ஏஆர்எம் வகைச் செயலியோடு வரும் விண்டோஸ் லேப்டாப்புகளும் இப்போது நிறைய இருக்கின்றன. பேட்டரி நீண்ட நேரம் நிற்கும். ஆனால் பழைய பிரின்டர், ஸ்கேனருக்கு அதில் டிரைவர் கிடைக்காமல் போகலாம். முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ். இது இலவச இயங்குதளம். அதன் வகைகளில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் வீட்டுக்கு ஏற்றவை. மென்பொருள் எல்லாம் அவற்றின் களஞ்சியத்திலிருந்தே வருவதால், கண்ட தளத்தில் தேடி இறக்கும் பழக்கமே விட்டுப்போகிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 வருட அப்டேட் உண்டு. வீட்டில் ஒருவராவது கொஞ்சம் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால் அருமையான தேர்வு. அப்படி யாரும் இல்லையென்றால், பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இதை வைத்துவிட்டு வராதீர்கள். சின்னச் சிக்கலுக்கும் யாரையாவது எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிவரும்.

படி 1-இல் எழுதிய தாளை இப்போது எடுத்துப் பாருங்கள். மின்னஞ்சல் இணைப்பும் பென்டிரைவும்தான் வாசல் என்றால் குரோம்புக் அவற்றை ஏறக்குறைய அடைத்துவிடும். கிராக் விளையாட்டுதான் வாசல் என்றால் மேக் வாங்கினாலும் தப்ப முடியாது. அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதுதான் முதல் வேலை. விளையாட்டுக்கென்றே தனியாக ஒரு கன்சோல் வாங்கிக் கொடுத்து, குடும்பக் கணக்கு வழக்கு உள்ள கணினியைப் பிரித்து வைப்பதும் நல்ல தீர்வு.

படி 4: உறுப்புகளும், வாங்குமிடத்தில் கேட்க வேண்டியதும்

விண்டோஸுக்கு 16 ஜிபி ரேம் வைத்துக்கொள்ளுங்கள், குறைந்தபட்சம் 8. குரோம்புக்குக்கு 8 தாராளம். சேமிப்பு எஸ்எஸ்டியாகவே இருக்கட்டும், விண்டோஸ் என்றால் 256 ஜிபிக்குக் குறைய வேண்டாம்.

இந்தச் சேமிப்பு விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். மிக மலிவான சில விண்டோஸ் லேப்டாப்புகள் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்போடு வருகின்றன. மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவும் அதுதான் என்பதால் விண்டோஸ் 11 ஏறிவிடும். ஆனால் சில மாதங்களில் இடம் நிரம்பி, பெரிய அப்டேட்டுகள் "இடம் போதவில்லை" என்று நின்றுவிடும். அப்டேட் நின்ற கணினி எப்படிப்பட்டது என்பதை வான்னாக்ரை காட்டிவிட்டதே.

வாங்குமிடத்தில், "இதில் அசல் விண்டோஸ் இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். சில மாடல்கள் விண்டோஸ் இல்லாமல், ஃப்ரீடாஸ் என்ற எளிய இலவச இயங்குதளம் மட்டும் கொண்டு விலை குறைவாக வரும். "விண்டோஸ் நாங்களே போட்டுத் தருகிறோம், ஆஃபீஸும் சேர்த்து" என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். கள்ள விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் காட்டும் 'ஆக்டிவேட்டர்' நிரல், பெரும்பாலும் டிஃபெண்டரை முடக்கி அல்லது விலக்குப் பட்டியலில் தன்னைச் சேர்த்துத்தான் வேலை செய்கிறது. அதாவது, கணினி உங்கள் கைக்கு வரும் முன்பே முதல் வாசல் திறக்கப்பட்டுவிட்டது.

ஏற்கெனவே பயன்படுத்திய கணினி வாங்கினால், முந்தையவர் ஏற்றியிருந்ததை அப்படியே வைத்துக்கொள்ளாமல் முதலில் அழித்துப் புதிதாக ஏற்றுங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்குப் பூட்டு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அவர் எதிரிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 5: முதல் நாள், எதையும் நகலெடுக்கும் முன்

பழைய டிஸ்க்கைச் செருகும் ஆவலை ஒருநாள் தள்ளிப் போடுங்கள்.

முதலில் அப்டேட். இனி எதுவும் இல்லை என்று அதுவே சொல்லும்வரை, மீண்டும் மீண்டும் தொடங்கி, எல்லாவற்றையும் ஏற்றுங்கள்.

அடுத்து, கூடவே வரும் சோதனைக் கால ஆன்டிவைரஸை நீக்குங்கள். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியே நிற்கும். தயாரிப்பாளர் திணித்து அனுப்பும் மற்ற மென்பொருள்களையும் பார்த்து நீக்குவது நல்லது. 2015-இல் லெனோவோவின் சில லேப்டாப்புகளில் முன்பே ஏற்றி வந்த 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருள், பாதுகாப்பான இணைப்புகளின் நம்பகத்தையே உடைத்தது வெளியாகிப் பெரிய விவகாரமானது.

மூன்றாவதுதான் மிக முக்கியம், மிகக் குறைவானவர்கள் செய்வது: இரண்டு பயனர் கணக்குகள் வையுங்கள். ஒன்று நிர்வாகி கணக்கு, அதன் பாஸ்வேர்டு வீட்டில் ஒருவரிடம் மட்டும். மற்றது தினசரி வேலைக்கான சாதாரண கணக்கு. கணினியின் அடி ஆழத்தைத் தொடும் எந்த மாற்றமும் நிர்வாகி பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். பாஸ்வேர்டு வைத்திருப்பவரே கூட தினசரி சாதாரண கணக்கில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் எல்லோரும் நிர்வாகியாகவே உலவுகிறார்கள். அதனால்தான் ஒருவர் அழுத்திய ஒரு 'ஆம்' முழுக் கணினியையும் விழுங்குகிறது. மேக்கிலும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம்.

விண்டோஸ் அமைப்புகளில் 'ஆப்ஸ்' பகுதியில், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டும் ஏற்ற அனுமதிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. பிள்ளைகளும் பெரியவர்களும் பயன்படுத்தும் கணினியில் அதைப் போட்டுவிடுங்கள்.

கோப்பு நிர்வாகியில் 'கோப்புப் பெயர் நீட்டிப்புகளைக் காட்டு' என்பதை இயக்குங்கள். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ் ஓர் எளிய உரைக் கடிதத்தின் பெயரில் வந்தது. அது ஓடக்கூடிய நிரல் என்பதைக் காட்டும் விபிஎஸ் என்ற கடைசி நீட்டிப்பை விண்டோஸ் இயல்பாக மறைத்துவிட்டதால், நம்பித் திறந்தவர்கள் ஏராளம். அந்த மறைக்கும் வழக்கம் இன்றும் இயல்பாக இருக்கிறது.

கடைசியாக ஒரு விளம்பரத் தடுப்பான். ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு. தேடல் முடிவுகளின் மேலே விளம்பரமாக வரும் போலித் தளங்களிலிருந்து மென்பொருள் இறக்கி மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் விளம்பரத் தடுப்பானைப் பரிந்துரைத்தது.

படி 6: பழைய கோப்புகளை நோயில்லாமல் கொண்டுவருதல்

புதுக் கணினி வாங்கியும் பழைய தொல்லை தொடர்ந்தால், தவறு நடந்த இடம் அநேகமாக இதுதான். எனவே நிதானமாகச் செய்யுங்கள்.

பழைய விண்டோஸைத் திறந்து நகலெடுப்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அது திறக்கும்போது வைரஸும் சேர்ந்தே எழுந்து, நீங்கள் செருகும் டிஸ்க்கிலும் தன்னைப் பதிக்கலாம். வேறொரு நல்ல கணினியில் லினக்ஸ் மின்ட் யுஎஸ்பி ஒன்றைத் தயாரித்து, பழைய கணினியை அதிலிருந்து தொடங்குங்கள். எதையும் நிறுவாமலேயே ஓடும். அதற்குள்ளிருந்து பார்த்தால் விண்டோஸ் வைரஸ் வெறும் உயிரற்ற கோப்பு. அங்கிருந்து வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பழைய டிஸ்க், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி தேவைப்படும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எதை எடுப்பது? படங்கள், வீடியோ, பாட்டு, பிடிஎஃப், கடிதங்கள், கணக்குத் தாள்கள். எதை விடுவது? எக்ஸி, எம்எஸ்ஐ, பேட், எஸ்சிஆர், விபிஎஸ், எல்என்கே என்று முடியும் எதையும். 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரை மொத்தமாக அள்ள வேண்டாம். பழைய மென்பொருள் இன்ஸ்டாலர்கள் எவ்வளவு அருமையானவை என்று தோன்றினாலும் விட்டுவிட்டு, அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். மேக்ரோ உள்ள டாக்எம், எக்ஸ்எல்எஸ்எம் கோப்புகள் நீங்களே உருவாக்கியவை என்றால் மட்டும் எடுங்கள்.

பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் காணாமல் போய், அதே பெயரில் ஷார்ட்கட்டுகள் மட்டும் இருக்கிறதா? கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டுத் தன்னை ஷார்ட்கட்டாக வைக்கும் வைரஸின் வேலை அது. லினக்ஸில் 'மறைந்த கோப்புகளைக் காட்டு' என்று போட்டால் பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். ஷார்ட்கட்டை மட்டும் அழுத்தாதீர்கள்.

வெளி டிஸ்க்கைப் புதுக் கணினியில் செருகியதும், எதையும் திறக்காமல் டிஃபெண்டரில் முழு டிஸ்க்கையும் ஸ்கேன் செய்யுங்கள். பிறகுதான் நகல்.

அடுத்து பிரவுசர். புதுக் கணினியில் உங்கள் குரோம் கணக்கில் நுழைந்த உடனே, புக்மார்க்குகளோடு பழைய எக்ஸ்டென்ஷன்களும் ஒத்திசைவில் தானாக வந்து இறங்கிவிடும். உங்கள் தேடுபக்கத்தை மாற்றிய அதே எக்ஸ்டென்ஷனும் அதில் இருக்கும். ஃபார்மட்டுக்குப் பிறகும் தொல்லை திரும்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஒத்திசைவை இயக்கும்போது எக்ஸ்டென்ஷன்களை மட்டும் விலக்கிவிட்டு, தேவையானதை ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றுங்கள்.

படி 7: பாஸ்வேர்டுகள்

பழைய கணினியில் தட்டச்சு செய்த, சேமித்து வைத்த எல்லாப் பாஸ்வேர்டும் திருடு போனதாகவே வைத்துக்கொண்டு மாற்றுங்கள். புதுக் கணினியிலிருந்து அல்லது கைப்பேசியிலிருந்து மட்டும். மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதன் வழியாகத்தான் மீட்கப்படுகின்றன. பிறகு வங்கி, பிறகு சமூக வலைத்தளங்கள்.

மாற்றிய கையோடு 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். இன்றைய திருட்டு நிரல்கள் பாஸ்வேர்டோடு நிற்பதில்லை, பிரவுசரில் ஏற்கெனவே நுழைந்திருக்கும் நிலையைக் காட்டும் குக்கீகளையும் அள்ளிச் செல்கின்றன. அவை செல்லுபடியாக இருக்கும்வரை, புதுப் பாஸ்வேர்டு தெரியாமலே ஒருவர் உங்கள் கணக்குக்குள் இருக்க முடியும். மின்னஞ்சலில் உங்கள் கடிதங்களை வேறொருவருக்குத் தானாக அனுப்பும், உங்களுக்குத் தெரியாத முன்னனுப்பு விதி ஏதாவது போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

படி 8: பேக்கப்

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், செருகியே இருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். அதனால் பேக்கப் டிஸ்க்கைச் செருகி, நகலெடுத்து, உடனே கழற்றி வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை போதும், குடும்பப் படங்கள் சேர்ந்தால் உடனுக்குடன். இன்னொரு நகல் வேறு இடத்தில் இருக்கட்டும், கிளவுடில் வைத்தாலும் சரி.

விண்டோஸ் 11 லேப்டாப் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கப்பட்டால், டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதன் மீட்புச் சாவியை இப்போதே தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு என்றாவது கணினி அதைக் கேட்கும்போது, சாவி இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் உங்கள் கோப்புகளைத் திறந்து தர முடியாது.

பழைய கணினியை என்ன செய்வது?

ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள், இணையத்தில் இணைக்காமல். விட்டுப்போன கோப்பு ஏதாவது நினைவுக்கு வரும். அதன்பின் டிஸ்க்கை முழுவதும் அழியுங்கள். விண்டோஸின் 'இந்தக் கணினியை மீட்டமை' பகுதியில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதோடு 'டிரைவைச் சுத்தம் செய்' என்பதையும் தேர்வு செய்ய வேண்டும். இரண்டாவதைப் போடாமல் விற்றால், மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் திரும்ப எடுத்துவிட முடியும். விற்கும் எண்ணம் இல்லையென்றால், அழித்த டிஸ்க்கில் லினக்ஸ் மின்ட் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தாலும் தட்டச்சுக்கும் பாடத்துக்கும் ஓடும்.